மாவு புளிக்காத ஊர்ல மீன் தொட்டி

குன்னூர்ல டிசம்பர் மாசம் ராத்திரி தோசைக்கு அரைச்சு வச்சா காலைல மாவு வச்சது வச்சபடியே கெடக்கும், ஒரு குமிழி கூட வந்திருக்காது. கீழ இருந்து மாத்தலாகி வர்றவங்க மொத வருஷம் இதுல முழிப்பாங்க, அரிசி சரியில்லையா உளுந்து சரியில்லையான்னு கடைய மாத்திக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுல யாராச்சும் சொல்லிக் குடுப்பாங்க: பாத்திரத்துக்கு கம்பளி சுத்து, அடுப்பு பக்கத்துல வை, போன தடவ மாவுல ஒரு கரண்டி மிச்சம் வச்சு இதுல கலந்துரு. அவ்ளோதான் விஷயம். மீன் தொட்டி பத்தி எழுத வந்துட்டு மாவப் பத்தி ஏன் பேசுறேன்னா, ரெண்டும் ஒரே கததான், எனக்கு அது புரியுறதுக்குள்ள ஒம்பது மீன் செத்துருச்சு.

மூணு வருஷம் முன்னாடி கீழ போயி ரெண்டடி தொட்டி ஒண்ணு வாங்கினேன். ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், முழுசா ரொப்பினா 56 லிட்டர் கிட்ட பிடிக்கும். கடைக்காரர் "தண்ணி ஊத்தி ஒரு நாள் விட்ருங்க சார், மறுநாள் மீன் விட்ரலாம்"னாரு. விட்டேன். கப்பி ஏழு, கோல்டு ஃபிஷ் ரெண்டு (இந்த ரெண்டையும் சேத்து வைக்கிறதே தப்பு, அது அப்புறம்). ஒரு வாரம் ஜோரா இருந்துச்சு. எட்டாவது நாள் தண்ணி பால் கலந்த மாதிரி ஆச்சு, பத்தாவது நாள் ஃபில்டர் அழுக்கா இருக்கேன்னு ஸ்பாஞ்ச எடுத்து குழாய்ல நல்லா பிழிஞ்சு பளிச்சுன்னு கழுவி மாட்டினேன், அப்பாடா சுத்தம் பண்ணிட்டோம்னு ஒரு திருப்தி வேற. மூணு நாள்ல கப்பி எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்குது, செவுள் ரத்தச் செவப்பா இருக்கு, துடுப்ப ஒடம்போட ஒட்டி வச்சிருக்கு. அந்த வாரக் கடைசில தொட்டில தண்ணி மட்டும்தான் மிச்சம்.

கீழ் வீட்டு அக்கா வந்து பாத்துட்டு சொன்னாங்க, "ஏன் தம்பி, இங்க மாவு பொங்கவே ரெண்டு நாள் ஆகுது, இந்த ஐஸ் தண்ணில மீனு எப்படி தம்பி தாங்கும்"னு. அவங்க குளிர மட்டும்தான் நெனச்சு சொன்னாங்க, ஆனா அந்த மாவுங்குற வார்த்தைதான் அப்புறம் படிக்கப் படிக்க எனக்கு எல்லாத்தையும் புரிய வச்சுது.

சரி, உள்ள என்னதான் நடக்குது? மீன் சாப்பிடுது, கழிவு விடுது. நாம நெனைக்கிற மாதிரி அந்த நூல் நூலா தொங்குற கழிவு இல்ல பெரிய பிரச்சன. மீன் தன் செவுள் வழியாவே அம்மோனியாவ தண்ணில விட்டுக்கிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தண்ணி கண்ணாடி மாதிரியே இருக்கும். மிச்சம் விழுந்த தீனி, அழுகுன இல, அதுவும் அம்மோனியாதான் ஆகும். ஆத்துல இருந்தா அடிச்சுக்கிட்டு போயிரும், 56 லிட்டர் கண்ணாடிப் பெட்டில எங்க போகும்? மீன் தன் கழிவுலயே ஊறிக்கிட்டு இருக்கும். கதவ சாத்தின ரூம்ல கரி அடுப்பு வச்சுக்கிட்டு தூங்குற மாதிரி.

இத காப்பாத்துறது ரெண்டு வகை பாக்டீரியா. மொத வகை அம்மோனியாவ தின்னு நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், அது மீனோட ரத்தத்துல போயி ஆக்சிஜன் தூக்குற சத்த கெடுத்துரும், ரத்தம் காப்பிக் கலருக்கு போகும், தண்ணில ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். ரெண்டாவது வகை அந்த நைட்ரைட்ட தின்னு நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அந்த அளவுக்கு கெடுதல் இல்ல, வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா போயிரும், செடி வச்சிருந்தா அதுவும் கொஞ்சம் இழுத்துக்கும். இந்த சங்கிலி முழுசா ஓட ஆரம்பிச்சாதான் டேங்க் சைக்கிள் ஆயிருச்சுன்னு சொல்லுவாங்க. அதாவது மீன் தொட்டி வைக்கிறேன்னு சொல்ற நாம உண்மைல மொதல்ல வளக்க வேண்டியது இந்த பாக்டீரியாவ, மீன் அதுக்கு அப்புறம் வர்ற விருந்தாளி.

இதுங்க தண்ணில மெதக்குறது ரொம்பக் கம்மி. ஸ்பாஞ்ச், கல்லு, கண்ணாடி ஓரம்னு எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு வழவழன்னு ஒரு படலமா இருக்கும். இப்ப தெரியுதா நான் பத்தாவது நாள் குழாய்ல என்னத்த கழுவி ஊத்தினேன்னு? அப்பத்தான் நாலு பாக்டீரியா குடி வந்திருக்கும், அத குளோரின் தண்ணில கழுவி சாக்கடைக்கு அனுப்பிட்டேன். ஸ்பாஞ்ச கழுவணும்னா தொட்டில இருந்தே ஒரு பக்கெட் தண்ணி எடுத்து அதுல ரெண்டு மூணு தடவ அமுக்கி எடுத்தா போதும், அழுக்கா தெரிஞ்சாலும் பரவால்ல, தண்ணி ஓடுற அளவுக்கு அடைப்பு போனா சரி.

மலைக்காரங்களுக்கு தனியா ஒரு சிக்கல் இருக்கு. மாவுல வளர்ற பாக்டீரியா நல்ல சூடு இருந்தா அரை மணி, ஒரு மணில ஒண்ணு ரெண்டாகும். இந்த மீன் தொட்டி பாக்டீரியா பொறந்ததே சோம்பேறியா, நல்ல சூட்டுலயே ரெண்டாக அரை நாள்ல இருந்து ஒரு நாள் வரைக்கும் எடுத்துக்கும். 25ல இருந்து 30 டிகிரி வரைக்கும்தான் அதுக்கு சுறுசுறுப்பு, 18 டிகிரிக்கு வந்தா வேகம் கிட்டத்தட்ட பாதி, 10 டிகிரி கிட்ட போனா கால்வாசிதான். என் ஹால்ல ஜனவரி காலைல தொட்டித் தண்ணி 14 டிகிரி காட்டிருக்கு. ஊட்டில ஓடு போட்ட வீடுன்னா இன்னும் கீழ போகும். சமவெளில நாலுல இருந்து ஆறு வாரத்துல ஆகுற சைக்கிள் ஹீட்டர் இல்லாம இங்க ரெண்டு மாசம் தாண்டியும் இழுக்கும். வீடியோல பாத்துட்டு "அவருக்கு ஒரு மாசத்துல ஆச்சே"ன்னு கணக்குப் போட்டு மீன் வாங்கிட்டு வர்றவங்க இங்கதான் மாட்டுறாங்க, அவரு சென்னைல உக்காந்து சொல்றாரு, நீங்க குன்னூர் பக்கத்துல வெல்லிங்டன்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கேக்குறீங்க.

அதனால வெப்பத்துல வாழுற மீன் வேணுமோ வேணாமோ, சைக்கிள் பண்ணுற அந்த ஒண்ணு ஒண்ணரை மாசம் மட்டுமாவது ஹீட்டர் போட்டு 26, 27 டிகிரில வைங்கங்கிறது என் கட்சி. கீழ லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு சொல்லுவாங்க, இங்க அது பத்தாது, 56 லிட்டருக்கு 100 வாட் போடுங்க. பாதி நேரம் ஓடினா ஒரு நாளைக்கு ஒண்ணேகால் யூனிட் கிட்ட வரும், பயப்படுற அளவுக்கு இல்ல. பின்னாடியும் அடியிலயும் தெர்மோகோல் வைங்க, மேல மூடி போடுங்க, பாதி சூடு மேல வழியாத்தான் ஓடிப்போகுது. தண்ணி மாத்துறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி ஹீட்டர ஆஃப் பண்ணிருங்க, சூடா இருக்குறப்ப ஹீட்டர் தண்ணிக்கு வெளிய தெரிஞ்சா அதோட கண்ணாடி பட்டுனு விட்ரும்.

சைக்கிள் பண்ணுறது எப்படின்னா, பாக்டீரியாவுக்கு சாப்பாடு வேணும், அது அம்மோனியா. மீன உள்ள விட்டு அது விடுற அம்மோனியால பாக்டீரியா வளக்குறது பழைய முற, அது மீன பலி குடுக்குறது, வேணாம். மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிக தீனிய தொட்டில போடுங்க, அது அழுகி அம்மோனியா ஆகும், அவ்ளோதான். அம்மோனியம் குளோரைடு கரைச்சும் ஊத்துவாங்க, நம்ம ஊர்ல ஈயம் பூசுறவங்க வச்சிருப்பாங்களே நவச்சாரம், அதேதான் அது, ஆனா அவங்க வச்சிருக்கிறதுல வேற என்னென்ன கலந்திருக்கும்னு சொல்ல முடியாது, அதனால நான் தீனியோடயே நிறுத்திக்கிட்டேன். தண்ணி பால் மாதிரி ஆனா பதறாதீங்க, அது வேற வக பாக்டீரியா, திடீர்னு பெருகும், தானா அடங்கும்.

இதுல குறுக்கு வழி ஒண்ணே ஒண்ணு, உறை ஊத்துறது! ஏற்கனவே நல்லா ஓடிக்கிட்டு இருக்குற தொட்டி யார்கிட்டயாச்சும் இருந்தா, நோய் இல்லாத தொட்டியான்னு பாத்துக்கிட்டு, அவங்க ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல ஒரு துண்டு வெட்டி வாங்கிட்டு வாங்க. ஈரம் காயக்கூடாது, அவங்க தொட்டித் தண்ணியே கொஞ்சம் ஊத்தி கவர்ல போட்டு அன்னிக்கே கொண்டாந்து உங்க ஃபில்டர்ல சொருகிருங்க. மோர் ஊத்தின பால் மாதிரி பாதி நாள் மிச்சம். நான் ரெண்டாவது தடவ இப்படித்தான் பண்ணினேன், கோத்தகிரில ஒரு அண்ணன் ஒள்ளங்கை அளவு ஸ்பாஞ்ச் குடுத்தாரு, கன்னங்கரேல்னு இருந்துச்சு, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க மூக்க பொத்திக்கிட்டாங்க, இருபத்து நாலாவது நாள் டெஸ்ட்ல அம்மோனியா ஜீரோ, நைட்ரைட் ஜீரோ.

டெஸ்ட் கிட் வாங்கித்தான் ஆகணும், சொட்டு ஊத்தி கலர் பாக்குற வகை வாங்குங்க. மொதல்ல அம்மோனியா ஏறும், அப்புறம் அது எறங்க எறங்க நைட்ரைட் ஏறும், கடைசில நைட்ரைட்டும் எறங்கி நைட்ரேட் தெரியும். தீனி போட்டுக்கிட்டே இருக்குறப்பவே மொத ரெண்டும் ஜீரோல தொடர்ந்து ஒரு வாரம் நின்னா ரெடி. மீன் விட்டதுக்கு அப்புறம் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் தாண்டாம பாத்துக்கிட்டா போதும், 20க்குள்ள இருந்தா இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம், இத நான் எங்கயும் யாரும் அழுத்திச் சொல்லிப் பாக்கல, நம்ம தண்ணி. சமவெளில இருந்து வர்றவங்க "என்னங்க இங்க சோப்பு நுரை போகவே மாட்டேங்குது"ம்பாங்க பாருங்க, பக்கெட்டுல வெள்ளையா உப்புக் கறையும் பிடிக்காது. நீலகிரி பூரா சார்னோகைட்டுங்குற கெட்டிப் பாற, சுண்ணாம்புக்கல் கெடையாது, அதனால தண்ணி ரொம்ப மெதுத் தண்ணி. குடிக்க குளிக்க சொர்க்கம், சைக்கிளுக்கு தலவலி. ஏன்னா பாக்டீரியா அம்மோனியாவ மாத்துறப்ப தண்ணில இருக்குற காரத்தன்மைய தின்னுக்கிட்டே போகும், 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு காலியாகும். நம்ம தண்ணில இருக்குறதே கொஞ்சம், அது தீந்தா பிஹெச் (தண்ணி எவ்வளவு புளிப்புன்னு காட்டுற நம்பர், கொறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி, 7 நடுநிலை) மடமடன்னு எறங்கும், 6க்கு கீழ போனா பாக்டீரியா வேலைய நிறுத்திரும். எல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருந்த தொட்டில ஆறாவது மாசம் திடீர்னு அம்மோனியா ஏறுதுன்னா பெரும்பாலும் இதுதான்.

இதுக்கு வைத்தியம் கிளிஞ்சல். கடற்கரைல பொறுக்குன கிளிஞ்சல் ஒரு கைப்பிடி நல்லா கொதிக்க வச்சு கழுவி ஒரு வலைத் துணில கட்டி ஃபில்டர் பக்கத்துல போட்டுருங்க, தண்ணி புளிக்க ஆரம்பிச்சா அது தானா கொஞ்சம் கரஞ்சு குடுக்கும். சமையல் சோடாவும் போடலாம், ஆனா இங்க ஒரு ஆபத்து இருக்கு, நல்லா கவனிங்க. அம்மோனியா தண்ணில ரெண்டு வேஷத்துல இருக்கும், ஒண்ணு விஷம், ஒண்ணு அவ்வளவு விஷம் இல்ல. 25 டிகிரி தண்ணில பிஹெச் 7ல இருந்தா விஷ வேஷம் அர சதவீதம் போல, பிஹெச் 8ல 5 சதவீதம், அதாவது பத்து மடங்கு. புளிச்ச தண்ணில அம்மோனியா நெறைய சேந்திருந்தும் மீன் எப்படியோ தாக்குப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், நீங்க நல்லது பண்ணுறேன்னு ஒரு ஸ்பூன் சோடாவ கொட்டி பிஹெச்ச ஒரேடியா தூக்கினா அதே அம்மோனியா அப்பத்தான் விஷமா மாறும். மொதல்ல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மாத்தி அம்மோனியாவ எறக்குங்க, அப்புறம்தான் பிஹெச்ச தொடணும், அதுவும் நாளு கணக்குல மெதுவா.

ஊத்துத் தண்ணி பிடிக்கிறவங்களுக்கு குளோரின் பிரச்சன இல்ல, ஆனா ஊத்துக்கு மேல தேயிலத் தோட்டமோ கேரட் காடோ இருந்தா மருந்தும் உரமும் எறங்கி வரும், மருந்து அடிக்கிற சீசன்ல அந்தத் தண்ணிய தொட்டிக்கு எடுக்காதீங்க. குழாய்த் தண்ணின்னா குளோரின் எடுக்குற சொட்டு மருந்து ஊத்தியே ஆகணும், கீழ மாதிரி வெயில்ல பக்கெட்ட வச்சு குளோரின் பறக்க விடலாம்னு பாத்தா இங்க வெயிலே வராது.

காத்தப் பத்தி சொல்லாம விட்டா தப்பு. இங்க குக்கர் இல்லாம பருப்பு வேகாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒயரத்துல காத்தழுத்தம் கம்மி. அதே காரணத்தால தண்ணில கரையுற ஆக்சிஜனும் கம்மி. கடல் மட்டத்துல 25 டிகிரி தண்ணில லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரைக்கும் ஆக்சிஜன் நிக்கும், குன்னூர் 1,850 மீட்டர் ஒயரத்துல அதே சூட்டுக்கு 6.6, ஊட்டில 6.3 கிட்டதான். தண்ணி குளுந்தா ஆக்சிஜன் அதிகமா பிடிக்கும், அதான் ஊட்டி பக்கம் அவலாஞ்சில வெள்ளைக்காரங்க காலத்துல கொண்டாந்த டிரவுட் மீன் இங்கத்த ஓடைல வாழுது, ஆனா நாம ஹீட்டர் போட்டு அந்த லாபத்தையும் விட்டுர்றோம். சென்னைல 30 டிகிரில ஹீட்டர் இல்லாம இருக்குற தொட்டிய விட ஊட்டில ஹீட்டர் போட்ட தொட்டில ஆக்சிஜன் கம்மிங்குறது கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா கணக்கு அதான். பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும், அதுக்கும் இதான் மூச்சு. அதனால ஏர் பம்ப் நம்மளுக்கு அலங்காரம் இல்ல. என் சிபாரிசு ஏர் பம்ப்ல ஓடுற சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டர், வெல கம்மி, காத்தும் ஆச்சு ஃபில்டரும் ஆச்சு, மூணுல இருந்து அஞ்சு வாட்தான் இழுக்கும், இன்வெர்ட்டர்ல ராத்திரி பூரா ஓடும். ஐப்பசி மழைல மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்லாம கெடக்குற ஊரு நம்மது, அப்ப ஹீட்டர மறந்துருங்க, தொட்டிக்கு ஒரு ரக்கு போத்திவிட்டு காத்து மட்டும் ஓடுதான்னு பாருங்க. தீனி போடாதீங்க, மீன் ரெண்டு நாள் சாப்பிடலன்னா ஒண்ணும் ஆகாது.

எந்த மீன்னு கேட்டா, ஹீட்டர் வருஷம் பூரா போடுறவங்க கப்பி, மோலி, ஃபைட்டர்னு எது வேணா வைங்க. போட முடியாதவங்க சீப்ரா டேனியோ, ரோசி பார்ப், ஒயிட் கிளவுட் பக்கம் போங்க, ஒயிட் கிளவுட் சீனால மலை ஓடைல கண்டுபிடிச்ச மீன், நம்மள மாதிரியே குளிருக்குப் பொறந்தது. கோல்டு ஃபிஷ்ஷும் குளிர் தாங்கும், ஆனா அது ஒரு சாணுக்கு வளரும், கழிவும் பல மடங்கு, ரெண்டடித் தொட்டி பத்தாது, கிண்ணத்துல வைக்கிறத பத்தி பேசவே வேணாம். குளிர் காலத்துல மீனுக்கு ஜீரணமும் மெதுவாகும், தீனிய பாதியா கொறைங்க. வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்துறப்ப ஒரு சொம்பு வெந்நீர் கலந்து, கைய விட்டுப் பாக்காம தெர்மாமீட்டர விட்டுப் பாத்து, தொட்டி சூட்டுக்கு சமமா ஆனதும் ஊத்துங்க. மீன் போதும்னு தோணுச்சுன்னா யாருக்காச்சும் குடுத்துருங்க, ஏரிலயோ ஓடைலயோ விட்ராதீங்க, அங்க இருக்குறதுக்கு நோயையும் குடுத்து எடத்தையும் பிடிச்சுக்கும்.

மீன் பெரும்பாலும் சென்னை கொளத்தூர்ல இருந்து கோயமுத்தூர் வந்து அங்க இருந்து ஆக்சிஜன் அடச்ச கவர்ல மேல வரும். மேட்டுப்பாளையத்துல தொளதொளன்னு இருக்குற கவரு பர்லியார் தாண்டுறப்ப பலூன் மாதிரி வெறச்சு நிக்கும், சிப்ஸ் பாக்கெட் உப்புமே அதே மாதிரி, அதனால கட்டுறப்பவே மேல போகுதுன்னு சொல்லி காத்த கொறச்சு அடைக்கச் சொல்லுங்க, கூட ஒரு கவரும் மாட்டச் சொல்லுங்க, அடுக்கி மேல பை வைக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் கவர தொறக்காம தொட்டில அர மணி நேரம் மெதக்க விடுங்க, சூடு சமமாகட்டும். தொறந்ததுக்கு அப்புறம் ரொம்ப நேரம் இழுக்கக்கூடாது, கவர்குள்ள மீன் விட்ட கரியமில வாயுவால தண்ணி புளிச்சு அம்மோனியா அடங்கியிருக்கும், தொறந்ததும் வாயு பறந்து பிஹெச் ஏறும், அப்ப மேல சொன்ன அதே வேஷம் மாறும். டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா தொட்டித் தண்ணி கலந்து பத்து பதினஞ்சு நிமிஷத்துல வலைல மீன மட்டும் எடுத்து விட்டுட்டு கவர் தண்ணிய வெளிய ஊத்திருங்க. மொத தடவ மூணே மூணு மீன் விடுங்க, பாக்டீரியா அந்த மூணுக்கு பழகட்டும், ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த மூணு.